கண்ணாடி நூலில் வந்த விரல்

அத்தியாயம் 7

"கொலை பண்ண வந்தவன் முதல்ல கேமராவ அணைச்சானாம். அப்புறம் அட்டெண்டன்ஸ் வச்சானாம். அதுக்கப்புறம்தான் மண்டையில போட்டானாம். இவ்ளோ பொறுப்பான கொலகாரன நான் பார்த்ததே இல்ல மேடம்."

பிரபு காரை ஓட்டிக்கொண்டே சொன்னான். பக்கத்து இருக்கையில் அருள்மொழி போலீஸ் ஃபைலின் நகலில் மூக்கை நுழைத்திருந்தாள். சிரிக்கவில்லை. புதுச்சேரியில் அவள் துப்பறியும் அலுவலகம் திறந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவள் சிரித்துப் பிரபு மூன்றே தடவை பார்த்திருக்கிறான். அதில் ஒன்று, அவன் தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையை இழுத்து மூடிவிட்டு அவளிடம் வேலை கேட்டு வந்த அன்று.

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள்.

ரோட்டில் பார்க்க என்ன இருக்கிறது? கிழக்குக் கடற்கரைச் சாலை கத்திரி வெயிலில் நெளிந்துகொண்டிருந்தது. அனுமந்தை தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் வர ஆரம்பித்தன. வெள்ளையைப் பார்த்துப் பார்த்து பிரபுவுக்குக் கண் கூசியது.

வழக்கு இதுதான். ஏப்ரல் நாலாம் தேதி காலை ஏழு மணிக்கு, மரக்காணம் உப்பளம் ஒன்றின் பம்ப் ஷெட்டில் சூப்பர்வைசர் ராஜவேல் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். முதல் நாள் மாலை டீக்கடையில் அவரோடு சண்டை போட்டவன் பாத்தித் தொழிலாளி சகாயராஜ். போலீசுக்கு அதுவே பாதி போதுமானதாக இருந்தது. மீதிப் பாதியை இயந்திரம் கொடுத்தது. ஷெட்டில் இருக்கும் கேமரா 5.38-லிருந்து 7.10 வரை இருட்டு. அதே ஷெட்டில் இருக்கும் விரல் மிஷினில் 6.07-க்கு சகாயராஜின் வருகை பதிவாகியிருந்தது. அவனோ, அன்றைக்குக் காய்ச்சலில் வீட்டை விட்டே கிளம்பவில்லை என்று சாதித்தான். சாட்சி அவன் மனைவி மேரிசெல்வி மட்டும். மனைவியின் சாட்சியை எந்தக் கோர்ட் பெரிதாக எடுத்துக்கொள்ளும்?

"அவன் விரல மிஷின்ல வச்சுப் பாத்தாங்களா?" என்று பிரபு கேட்டான்.

"பாத்தாங்க. பத்து விரலும் வச்சாங்க. ஒண்ணும் விழல. 'உப்பளத் தொழிலாளி, ரேகை தேய்ந்துள்ளது'ன்னு எழுதி முடிச்சுட்டாங்க." அருள்மொழி ஃபைலை மூடினாள். "ஜாமீன் ஒரு தடவ போச்சு. புதுசா ஏதாவது கொண்டு வாங்கன்னு வக்கீல் சொல்லிட்டார். திங்கட்கிழமை அந்த மிஷின கழட்டிட்டு மூஞ்சி பார்க்கற மிஷின் வைக்கப் போறாங்க. இன்னைக்கு சனி."

"அப்ப ஞாயித்துக்கிழமை பிரியாணி கேன்சல்" என்றான் பிரபு.

*

உப்பள அலுவலகம் ரோட்டை ஒட்டியே இருந்தது. உள்ளே ஏசி. முதலாளியின் மகன் அரவிந்தன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பியவன். மரியாதையான பையன். கேட்டதையெல்லாம் காட்டினான். ஆனால் அடிக்கடி வாசலைப் பார்த்தான், அப்பா வந்துவிடுவாரோ என்று.

"கம்ப்யூட்டர் இங்க இருக்குது, விரல் மிஷின் ஷெட்டுல இருக்குது. எவ்ளோ தூரம்?" என்றாள் அருள்மொழி.

"நூத்தியெம்பது மீட்டர் மேடம்."

பிரபு விசில் அடித்தான். "சாதாரண யுஎஸ்பி ஒயர் அஞ்சு மீட்டர் தாண்டினாலே மூச்சு வாங்குமே பாஸ்!"

அரவிந்தனின் முகம் மலர்ந்தது. ஆறு வாரமாக இந்தக் கொலையைப் பற்றியே பேசிப் பேசிச் சலித்தவனுக்கு, ஒருவன் ஒயரைப் பற்றிக் கேட்டதில் அத்தனை சந்தோஷம். "முதல்ல ஷெட்டுலயே ஒரு கம்ப்யூட்டர் வச்சோம். மூணே மாசம். தொறந்து பாத்தா உள்ள உப்பு பூத்துருக்குது. சரின்னு கம்ப்யூட்டர இங்க கொண்டாந்துட்டு செப்பு ஒயர் இழுத்தோம். அது பச்சையா அரிச்சுப் போச்சு. மிச்சம் இருந்தத ஒரு இடி வந்து முடிச்சுட்டுது. அப்புறம்தான் இது."

மேஜைக்கடியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு டப்பா. அதிலிருந்து மெல்லிய மஞ்சள் கேபிள் சுவரைத் துளைத்து வெளியே போனது.

"கண்ணாடி நூல். துரு பிடிக்காது, இடி இறங்காது. அந்தக் கோடியில இதே மாதிரி ஒரு டப்பா. அதுல விரல் மிஷினும் கேமராவும் மாட்டியிருக்குது. கம்ப்யூட்டரப் பொறுத்தவரைக்கும் ரெண்டும் பக்கத்துலயே இருக்கற மாதிரிதான்."

"தூரத்துல இருக்குதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?" என்றாள் அருள்மொழி.

"தெரியாது மேடம். அதுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

அருள்மொழி பையிலிருந்து குடையை எடுத்தாள். "ஷெட்டப் பாக்கலாம்."

*

வரப்பில் நடப்பதற்குள் பிரபுவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் பாத்திகளில் உப்புத் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. நடுவில் ஒரு பெண் பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மேரிசெல்வி.

"ஏதாவது கெடச்சுதாக்கா?" என்றாள், வந்த வேகத்திலேயே.

"இப்பத்தானேம்மா வர்றோம்." அருள்மொழி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ பாக்கெட் போடற செக்‌ஷன்லதான இருந்த?"

"அவர் உள்ள போனதுலேர்ந்து அவர் பாத்திய நான்தான் பாக்கறேன். ஆள் இல்லன்னா கம்பெனி குடுத்த ரூம காலி பண்ணச் சொல்லிடுவாங்க. ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்கக்கா போவேன்?"

பிரபு குனிந்து செருப்பிலிருந்து உப்பைத் தட்டினான். மேரிசெல்வி கையை முந்தானையில் துடைத்தபடி கூடவே நடந்தாள்.

ஷெட்டில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. சுவரில் விரல் மிஷின், சிவப்பு வெளிச்சம். மேலே கேமரா, பச்சைப் பொட்டு. கீழே அரவிந்தன் சொன்ன டப்பா. மஞ்சள் கேபிள் வந்து அதில் முடிந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அருள்மொழி மட்டும் டப்பாவை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் ப்ளக்கில் சொருகியிருந்த சின்ன அடாப்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்கு? உன் கம்ப்யூட்டர்ல மவுஸ் மாட்டினா அதுக்குன்னு தனியா சார்ஜர் போடறியா?"

"இல்ல மேடம். செப்பு ஒயர்ல தகவலும் போகும், கரண்டும் போகும். இது கண்ணாடி. இதுல வெளிச்சம் மட்டும்தான் போகும். தகவலுக்கு அது போதும். மிஷினுக்கு சாப்பாடு யாரு போடுவா? அத இங்கயே சமைச்சுக்கணும். அதுக்குத்தான் இந்த…"

பிரபு வாக்கியத்தை முடிக்கவில்லை. அருள்மொழி குனிந்து அடாப்டரைப் பிடுங்கியிருந்தாள். கேமராவின் பச்சைப் பொட்டு அணைந்தது. விரல் மிஷினின் சிவப்பும் அணைந்தது. இரண்டும் ஒரே நொடியில்.

"கண்ணு மூடினா விரலும் செத்துருது" என்றாள் அருள்மொழி. "நாலாந்தேதி கண்ணு மட்டும் மூடிக்கிச்சு. அரை மணி நேரம் கழிச்சு விரல் மட்டும் எப்படி வேல செஞ்சுது?"

பிரபு அணைந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தான். "கேமராவ யாரும் அணைக்கல மேடம். ஷெட்டுலயே கரண்ட் இல்ல!"

"அன்னைக்கு மோட்டார் ஏழு மணிக்கு மேலதான் ஓடுச்சுக்கா" என்றாள் மேரிசெல்வி மெதுவாக. அப்படிச் சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிரபு அதைக் கவனித்தான். அருள்மொழி கவனிக்காமலா இருப்பாள்?

*

மிச்சத்தைப் பிரபு அலுவலகத்துக்குத் திரும்பிப் பத்து நிமிஷத்தில் முடித்தான். அரவிந்தனின் போனில் பழைய குறுஞ்செய்தி இருந்தது. ஏப்ரல் நாலு, பம்ப் லைன் பராமரிப்பு, காலை 5.30 முதல் 7.15 வரை மின்சாரம் இருக்காது. அலுவலகத்துக்கு வேறு லைன், அதோடு இன்வெர்ட்டர். பிறகு கம்ப்யூட்டரின் உள் பதிவைத் தோண்டினான். எந்தச் சாதனம் எந்த யுஎஸ்பி வாயில் எப்போது மாட்டப்பட்டது என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்துக்கொள்ளும். யாரும் கேட்காவிட்டால் அதுவாகச் சொல்லாது.

"இருக்குது மேடம்!" பிரபு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "தெனமும் விரல் மிஷின் பின்னாடி கேபிள் டப்பா வழியாத்தான் வந்துருக்குது. நாலாந்தேதி 6.02-க்கு மட்டும் முன்பக்க வாயில நேரா சொருகியிருக்காங்க. 6.20-க்கு உருவிட்டாங்க. மிஷின் இந்த ரூம்ல, இந்த மேஜை மேல இருந்துருக்குது. 6.07-க்கு விரல் விழுந்தது ஷெட்டுல இல்ல!"

"கரண்ட் இல்லாத நாள்ல ராஜவேல் மிஷின கழட்டி இங்க கொண்டாந்துடுவார்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றான் அரவிந்தன். பிறகு கொஞ்சம் யோசித்தான். "ஆனா மேடம், அப்படின்னா சகாயராஜ் 6.07-க்கு ராஜவேல்கூட இங்க இருந்தான்னுதான ஆகுது? ரெண்டு பேருமா ஷெட்டுக்கு நடந்து போயிருக்கலாமே?"

பிரபு அப்படியே உட்கார்ந்தான். பையன் சொன்னது சரிதான். கோர்ட்டில் இதைத்தான் சொல்வார்கள். இவ்வளவு தோண்டியதற்கு, கைதியை நூற்றியெண்பது மீட்டர் நகர்த்தி வைத்ததுதான் மிச்சம்.

அருள்மொழி திரையை விட்டு நகரவில்லை. "எத்தன தடவ வச்சப்புறம் விரல் விழுந்துச்சுன்னு இது காட்டுமா?"

"காட்டும்." பிரபு தட்டினான். ஏப்ரல் முதல் வாரம் விரிந்தது. இருசப்பன், ஐந்து தடவை. சாலம்மாள், நாலு. சாலமன், ஏழு. பாத்தியில் இறங்குகிற எல்லாருக்கும் இப்படித்தான், விரலை வைத்து வைத்து இயந்திரத்தோடு மல்லுக்கட்டியிருந்தார்கள். ஒருவனுக்கு மட்டும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று ஓடியது.

"சகாயராஜ்" என்று வாசித்தான் பிரபு. "பன்னெண்டு வருஷமா உப்புல நிக்கறவன். தெனமும் ஒரே தடவையில விழுந்துருக்குது."

"போலீஸ் வச்சப்ப பத்து விரலும் விழல" என்றாள் அருள்மொழி. "விரல் நல்லா இருக்கற யாரோ அவன் பேர்ல வச்சுட்டு இருக்காங்க. தண்ணியில எறங்காத ஆளு. உதாரணமா, பாக்கெட் போடற ஆளு."

எல்லாரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். மேரிசெல்வி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எப்படா கேப்பீங்கன்னு இருந்துச்சுக்கா. கேட்டுடக் கூடாதேன்னும் இருந்துச்சு" என்றாள். பிறகு அழுதுகொண்டே எல்லாம் சொன்னாள்.

மிஷின் வந்த அன்று சகாயராஜின் எந்த விரலும் விழவில்லை. ராஜவேல்தான் வழி சொன்னார், உன் பொண்டாட்டி விரல் இருக்குதே, அதைப் பதிஞ்சுக்கலாம் என்று. பாக்கெட் பிரிவுக்கு நோட்டுதான், மிஷின் கிடையாது. அதனால் ஒரே விரல் இரண்டு பேரில் வந்து இடிக்கவில்லை. அவளுடைய வலது கை மோதிர விரல் சகாயராஜ் ஆயிற்று. தினமும் கஞ்சித் தூக்கோடு ஷெட்டுக்குப் போய் விரலை வைத்துவிட்டு வந்தாள். நாலாம் தேதி அவன் காய்ச்சலில் படுத்திருந்தான். ஒரு நாள் கூலி போகக் கூடாதென்று அவள் விடிந்ததும் வந்தாள். ராஜவேல் இந்த அறையில்தான் இருந்தார். திட்டிக்கொண்டே மிஷினை நீட்டினார். அவள் வைத்தாள். லைன் சீக்கிரம் வந்துவிடும் என்று போன் வந்ததும், மிஷினை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தார். அவள் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

"இத ஏம்மா மொதல்லயே சொல்லல?" பிரபுவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"அந்த விரல் எவனோடதோ அவன்தான் கொலகாரன்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க தம்பி. மிஷின் ஷெட்டுன்னு சொல்லுது. நான் இந்த ஆபீஸ் ரூம்ல இருந்தேன்னு சொன்னா யாரு நம்புவா? செத்தவர்தான் சாட்சி. என் வீட்டுக்காரர் என் கையப் புடிச்சுக்கிட்டு, 'நீ வாயத் தொறக்காத, புள்ளைங்களுக்கு நீயாவது வெளிய இரு'ன்னுட்டார்."

அருள்மொழி அவள் தோளில் கை வைத்தாள். "இப்ப மிஷின் இங்கதான் இருந்துச்சுன்னு கம்ப்யூட்டரே சொல்லிட்டுது. நீ பயப்பட வேணாம். 6.20 வரைக்கும் மிஷின் இங்க இருந்துச்சு, விரல் உன்னோடது. உன் வீட்டுக்காரருக்கு எதிரா இருந்த ஒரே சாட்சி இதோட காலி." பிரபுவைப் பார்த்துச் சிரித்தாள். நாலாவது தடவை. "மிஷின எடுத்துட்டு வா."

பிரபு வரப்பில் ஓடினான். வாழ்க்கையில் வெயில் உறைக்காத ஓட்டம் அவனுக்கு அது ஒன்றுதான்.

மிஷினை முன்பக்க வாயில் சொருகினான். சிவப்பு வெளிச்சம் வந்தது. அரவிந்தன் எல்லாவற்றையும் போனில் படமெடுக்கத் தயாராக நின்றான். மேரிசெல்வி சிலுவை போட்டுக்கொண்டு மோதிர விரலை வைத்தாள்.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது கம்ப்யூட்டர், பெண் குரலில்.

"அழுத்தி வைம்மா."

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

மூன்று தடவை. எட்டுத் தடவை. பிரபு கண்ணாடியைத் துடைத்தான், அவள் விரலைத் துடைத்தான். பன்னிரண்டாவது தடவைக்குப் பிறகு அருள்மொழி அவள் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். பிரபு எட்டிப் பார்த்தான். விரல் நுனி வெளுத்து, வெடித்து, மொழுமொழுவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை. ஆறு வாரம் புருஷனின் பாத்தியில் நின்றதில் அத்தனையும் கரைந்து போயிருந்தது.

அரவிந்தன் வெந்நீர் கொண்டுவந்தான். அவனே கடைக்கு ஓடித் தேங்காய் எண்ணெயும் க்ரீமும் வாங்கி வந்தான். ஊற வைத்தார்கள், தேய்த்தார்கள், துடைத்தார்கள். அந்தப் பெண் குரல் கொஞ்சமும் அலுக்காமல் அதையே சொன்னது.

"மிஷினுக்குள்ள ரேகையோட படம் இருக்குமே? அத எடுத்து ஒப்பிட்டா?" என்றாள் அருள்மொழி.

"படமா வைக்காது மேடம். நம்பரா மாத்தி வச்சுக்கும். மிஷினே ஒத்துக்கிட்டாத்தான் உண்டு." பிரபுவுக்குத் தன் தொழில்மீதே எரிச்சல் வந்தது. நூற்றியெண்பது மீட்டர் தூரத்திலிருக்கும் பொருளைப் பக்கத்தில் இருக்கிறதென்று கம்ப்யூட்டரை நம்ப வைக்க முடிகிறது. பக்கத்திலேயே நிற்கிற பெண்ணை நம்ப வைக்க முடியவில்லையே!

"சகாயராஜோடது இல்லன்னாவது காட்டலாமே? ஜெயில்ல கேட்டு…"

"ஏற்கெனவே விழலன்னு எழுதியாச்சு பிரபு. பதியறப்ப தேஞ்சிருந்துச்சு, இப்ப மாறிடுச்சும்பாங்க. பொருந்தாததுக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். பொருந்தினாத்தான் வாயடைக்கும்."

அவள் வக்கீலுக்குப் போன் செய்தாள். கோர்ட் கோடை விடுமுறை, அவசர மனுவுக்கே புதன்கிழமைதான். அரவிந்தன் வெளியே போய் அப்பாவிடம் பேசினான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் கெஞ்சுவது தெரிந்தது. திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது.

"வாடகை மிஷின் மேடம். திங்கட்கிழமை எடுத்துட்டுப் போயி அழிச்சுட்டு வேற எடத்துல மாட்டுவாங்க. கொலையில மாட்டின மிஷின் இனிமே ஒரு நாள்கூட இங்க இருக்கக் கூடாதுங்கறார் அப்பா. நான் ரெண்டு நாள் கேட்டேன். குடுக்கல."

"ரேகை திரும்ப வளர எவ்ளோ நாளாகும்?" என்று பிரபு கேட்டான்.

"தண்ணியில எறங்காம இருந்தா மூணு வாரம்" என்றாள் அருள்மொழி. அதைச் சொல்லிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருஷத்தில் விடை கையில் கிடைத்த பிறகு அவள் இப்படி உட்கார்ந்து பிரபு பார்த்ததில்லை. கேலியாக ஏதாவது சொல்லி அவளை எழுப்பலாம் என்று வாயைத் திறந்தான். மூடிக்கொண்டு, மிஷினின் கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தான்.

மேரிசெல்வி தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் ஜெயில்ல கம்பி வழியா அவர் கையப் புடிச்சேன்க்கா" என்றாள். "மெத்துன்னு இருந்துச்சு, பச்சப் புள்ள கை மாதிரி. கல்யாணமான நாள்லேர்ந்து அப்படிப் பாத்ததில்ல. ரேகையெல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. உப்புல நிக்காம இருக்காரே, அந்த மட்டுக்கும் நல்லதுன்னு சந்தோஷப்பட்டுட்டு வந்தேன்."

வெளியே யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மத்தியான உப்பு வாரலுக்கு ஆள் குறைகிறதாம்.

"போகாதம்மா" என்றாள் அருள்மொழி. சொன்ன பிறகுதான் அந்த ரூமும் இரண்டு பிள்ளைகளும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

மேரிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பாக்கெட் பிரிவு வாசலில் கிடந்த ஒரு கிலோ உப்புக் கவர்களில் காலியான ஒன்றை எடுத்து உதறினாள். அதை வலது கையில் மாட்டி, மணிக்கட்டில் சணலைச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். பிறகு பலகையைத் தூக்கிக்கொண்டு பாத்தியில் இறங்கினாள்.